ஓரணாச் சிற்றுண்டியும் சர் தியாகராயரும்

நம் இராயபுரத்திலிருந்து பழைய வண்ணாரப்பேட்டைக்கு நடந்தே செல்லலாம். அங்கே ஒரு கல்லூரி சர் தியாகராயர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தென்சென்னையில் ஒரு நகரே அவர் பெயரால் வழங்குகின்றது. ஆயினும் அந்நகருக்குத் துணி வாங்கச் செல்வோருள் எத்தனை பேர், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதன்முதல் உணவளிக்கச் செய்தவர் அவர் என்பதை அறிவர்?

பிட்டி தியாகராயர் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், நெசவுத் தொழிலில் சிறந்த தேவாங்கர் குலத்துச் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்ற பின்னும் தறியை விட்டு அகலாது, கைத்தறிகள் பல வைத்துத் தொழில் நடத்தினார். 1882 முதல் ஏறத்தாழ நாற்பதாண்டுக்காலம் சென்னை நகராண்மை மன்றத்தில் பணியாற்றினார். 1916இல் டாக்டர் டி.எம். நாயர் முதலியோருடன் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைக் கண்டார். நீதிக்கட்சி எனப் பெயர் பெற்றது அதுவே. 1920 தேர்தலில் அக்கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி தம்மை நாடி வந்தும் அவர் ஏற்கவில்லை.

அவர் மாநகராட்சித் தலைவராக வீற்றிருந்த காலத்தில், 1920 செப்டம்பர் 16ஆம் நாள், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதை இன்றைய இளைஞர்க்குச் சொல்லியாக வேண்டும்! அப்பள்ளிப் பிள்ளைகள் ஏழைகள். அவ்வறுமையால் பள்ளியின் எண்ணிக்கை அடிக்கடி குன்றிற்று. வருகைப் பதிவேட்டின் வெற்றிடங்களில் பிள்ளையின் சோம்பலைக் காணாமல் பசியைக் கண்டதே தியாகராயரின் பெருமை என்பேன். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. திட்டம் நடந்த பள்ளிகளில் 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது.

பின் நடந்ததை எண்ணினால் நெஞ்சு பொறுக்கவில்லை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுதல் ஆகாது என ஆங்கில அரசு தடுத்தது. 1925 ஏப்ரல் முதல் நாள் திட்டம் நின்றது. பலகையும் சுண்ணக்கட்டியும் கல்விச் செலவு, பிள்ளை உண்ணும் உணவு அவ்வாறன்று என்பது அக்கணக்கு. தியாகராயரும் அவ்வாண்டிலேயே மறைந்தார். திட்டம் பின்னர் மீண்டும் உயிர்பெற்றது.

நம் சங்கத்தின் மலரில் இன்னொன்றையும் மறையாது எழுத வேண்டும். 1921 ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டபோது, நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர் துயரை உணர்ந்து நடக்கவில்லை. பெருந்தலைவர் எம்.சி. ராஜா 1923இல் அக்கட்சியினின்று விலகினார். அக்குறை குறையே, ஓரணாச் சிற்றுண்டி உண்டாருள் நம் பிள்ளைகளும் இருந்திருப்பர் என்பதால் அது மறைந்துவிடாது. அதனால் இந்நன்மையும் சிறுத்துவிடாது.

சிற்றுண்டி பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. தட்டில் என்ன இருக்க வேண்டும் என்ற வினாவுக்கோ விடை காண நெடுங்காலம் ஆயிற்று. காமராசர் 1956இல் மதிய உணவை மாநிலமெங்கும் பரப்பினார், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு என்ற பெயரே வந்தது. 1989இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரம் ஐந்து. சோறு வயிற்றை நிரப்பும். உடலைக் கட்டுவது புரதம். ஒரு முட்டையில் அது ஏறத்தாழ ஆறு கிராம் உண்டு. துறைமுகத்தை அடுத்த எங்கள் தெருக்களில் மீன் கூடைகூடையாக இறங்கினாலும், சுமை தூக்குவோர் வீட்டு அடுப்பில் அது ஏறும் நாள் குறைவு. காலையில் வெறும் தேநீர் பருகி வந்து இறைவணக்கத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளை நான் தாங்கிப் பிடித்ததுண்டு; காலை உணவுத் திட்டம் 2022இல்தான் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தன் முட்டையை உண்ணாமல் காகிதத்தில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைப்பதைக் கண்டேன். வீட்டில் காய்ச்சலாய்க் கிடந்த தம்பிக்காம். அன்று வராத பிள்ளைகளின் கணக்கில் முட்டை மீந்திருந்தது. ஒன்றை எடுத்து அவள் தட்டில் இடச் சொன்னேன். பதிவேட்டில் அதை எவ்வாறு காட்டினேன் என்பதை இங்கு எழுத வேண்டுவதில்லை.