மூலமொழியைத் தேடிச் சென்ற புனித ஜெரோம்



செப்டெம்பர் 30ஆம் திகதி திருச்சபை நினைவுகூரும் புனித ஜெரோமை எம்மில் பலர் படங்களின் வாயிலாகவே அறிந்திருக்கின்றோம். தலையில் செந்நிறத் தொப்பி, காலடியில் சிங்கம், மேசைமேல் விரிந்த ஏடு. அவர் வாழ்ந்த காலத்தில் கர்தினால்மாருக்குச் செந்தொப்பி வழங்கும் வழக்கம் இருக்கவில்லை. சிங்கமோ ஜெராசிமுஸ் என்னும் மற்றொரு துறவியின் கதையிலிருந்து பெயர் மயக்கத்தால் வந்து சேர்ந்தது என்பர். அந்த ஏடு மட்டும் முற்றிலும் அவருக்கே உரியது.

எரோணிமுஸ் என்றும் தமிழில் அழைக்கப்படும் இவர், 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தல்மாத்தியா, பன்னோனியா ஆகிய உரோமை மாகாணங்களின் எல்லையிலிருந்த ஸ்திரிதோன் என்னும் ஊரில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். இளமையில் உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டு, தொனாத்துஸ் என்னும் பெயர்பெற்ற இலக்கண ஆசிரியரிடம் கல்வி கற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழருடன் மறைசாட்சிகளின் நிலத்தடிக் கல்லறைகளைத் தரிசிப்பார். ஏனைய நாட்களில் அவருடைய உள்ளம் சிசரோவிடமும் வேர்ஜிலிடமும் இருந்தது. துறவு வாழ்வை நாடிக் கீழைத் தேசத்துக்குப் புறப்பட்டபோது வீட்டையும் உறவினரையும் நல்ல உணவையும் விட்டார். அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்களை மட்டும் அவரால் விட இயலவில்லை.

அந்தியோக்கியாவில் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது அவர் ஒரு கனவு கண்டார். நீதியாசனத்தின் முன் நிறுத்தப்பட்ட அவர் தம்மைக் கிறிஸ்தவன் என்று கூற, நீதிபதியோ அதை மறுத்து, நீ சிசரோவின் சீடனே என்று தீர்ப்பளித்துக் கசையடி கொடுக்கச் செய்தார். இனி உலக நூல்களைத் தொடுவதில்லை என்று அக்கனவிலேயே ஜெரோம் வாக்களித்தார். ஆயினும் அவர் பிற்காலத்தில் எழுதியவற்றிலும் வேர்ஜில் அடிக்கடி எட்டிப் பார்க்கின்றார். பகைவர் அதைச் சுட்டிக்காட்டி ஏளனம் செய்ததுண்டு. அவர் அவற்றை மறவாதிருந்தது எமக்கு நன்மையாயிற்று என்றே கூறவேண்டும். அந்தப் பயிற்சியின்றி அவருடைய இலத்தீன் அத்துணை தெளிவு பெற்றிருக்காது.

பின்னர் கால்கிஸ் பாலைநிலத்தில் தவம் செய்கையில், அலைபாயும் மனத்தை அடக்குவதற்காக, கிறிஸ்தவராக மாறிய யூதர் ஒருவரிடம் எபிரேயம் கற்கத் தொடங்கினார். சிசரோவின் இனிய நடையில் ஊறியவருக்கு, தொண்டையிலிருந்து எழும் அந்த ஒலிகள் பெரும் துன்பமாயின. பலமுறை கைவிட்டார்; பலமுறை மீண்டும் தொடங்கினார்.

382இல் உரோமாபுரிக்குத் திரும்பிய அவரைப் பாப்பரசர் புனித தமாசுஸ் தம் செயலாளராக்கிக் கொண்டார். அந்நாளில் இலத்தீன் விவிலியத்தின் பிரதிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. பாப்பரசரின் விருப்பப்படி ஜெரோம் நான்கு நற்செய்திகளையும் பழைய கிரேக்கப் பிரதிகளோடு ஒப்பிட்டுத் திருத்தினார். நன்றி கூறியோர் சிலர். புனித வாக்கியங்களில் கைவைத்துவிட்டார் என்று சினந்தோர் பலர். குருக்களின் குறைகளைக் கூர்மையாக எழுதும் பழக்கமும் அவருக்கு நண்பர்களைத் தேடித்தரவில்லை. 384இல் அவருடைய வழிகாட்டலில் கடுந்தவம் மேற்கொண்ட பிளேசில்லா என்னும் இளம் கைம்பெண் இறந்தபோது ஊரார் பழியை அவர்மேல் போட்டனர். அவ்வாண்டின் இறுதியில் பாப்பரசரும் இறக்க, அடுத்த ஆண்டே ஜெரோம் நகரை விட்டு நீங்கினார்.

386இல் பெத்லகேமில் குடியேறினார். பிளேசில்லாவின் தாயான புனித பவுலா தம் பெருஞ்செல்வத்தைக் கொண்டு அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் துறவு மடங்களையும் யாத்திரிகர் விடுதியையும் எழுப்பினார். ஜெரோமைப் பற்றிப் பேசுவோர் இந்த அம்மையாரை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது நியாயமன்று. அவர் எபிரேயத்தைக் கற்று, திருப்பாடல்களை இலத்தீன் வாடையின்றி அம்மொழியிலேயே பாடுமளவுக்குத் தேர்ந்திருந்தார். அவருடைய மகள் யூஸ்தோக்கியும் அவ்வாறே. இவ்விருவரின் கேள்விகளும் வேண்டுகோள்களும் ஜெரோமைப் பல நூல்கள் எழுதத் தூண்டின. பரனீனா என்னும் யூத ஆசிரியர் ஒருவரும் தம் இனத்தாருக்கு அஞ்சி இரவில் வந்து அவருக்குப் பாடம் சொன்னார்.

அக்காலத்து இலத்தீன் பழைய ஏற்பாடு, எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து மீண்டும் பெயர்க்கப்பட்டது என்பதை நீங்கள் நினைவிற்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 390 முதல் 405 வரை, ஜெரோம் எபிரேய மூலத்திலிருந்தே அதைப் புதிதாக மொழிபெயர்த்தார். தோபித்து நூலுக்கு வேறு வழி கண்டார். அரமேயம் அறிந்த ஒருவர் எபிரேயத்தில் சொல்லச்சொல்ல, அவர் அதை இலத்தீனாக்கி எழுத்தரிடம் கூறி, ஒரே நாளில் முடித்தார்.

இதனால் எழுந்த கலகத்தை அறிய ஒரு செடியைப் பாருங்கள். இறைவாக்கினர் யோனாவுக்கு நிழல் தந்த செடியைப் பழைய இலத்தீன் சுரைக்கொடி என்றது. ஜெரோம் அதைப் படர்கொடி வகையான ஐவி என்று மாற்றினார். வட ஆபிரிக்காவின் ஓயா நகரில் ஆயர் இப்புதிய வாசகத்தை வாசிப்பித்தபோது, தலைமுறைகளாகக் கேட்டுப் பழகிய சொல்லைக் காணாத மக்கள் கொந்தளித்தனர். ஆயர் தம் மந்தையையே இழக்கும் நிலை உண்டாயிற்று. இதை ஜெரோமுக்கு எழுதியவர் புனித அகுஸ்தீனார். ஜெரோம் எரிச்சலோடு பதிலளித்தார். அது பலஸ்தீனத்தில் வளரும், அகன்ற இலையுடைய ஒரு செடி, அதற்கு இலத்தீனில் பெயரே இல்லை, ஆகவே முந்தைய மொழிபெயர்ப்பாளர் சிலரைப் பின்பற்றினேன் என்றார். எம் தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்கு. இன்றைய அறிஞர் பலரின் கருத்தும் அதுவே. சொல் ஐவியாக இருந்தாலும் ஜெரோம் கூறிய விளக்கம் ஆமணக்குக்கே பொருந்துகின்றது. ஆனால் அகுஸ்தீனாரின் கவலையும் அற்பமானதன்று. வழிபாட்டில் கேட்ட சொல்லோடு மக்களின் விசுவாசம் பின்னியிருப்பதை ஓர் ஆயராக அவர் அறிந்திருந்தார்.

முதுமை அவருக்குத் துயரமாகவே வந்தது. 404இல் பவுலா இறந்தார். இளமை நண்பர் ரூஃபினுஸோடு ஏற்பட்ட பகை, அவர் இறந்த பின்னரும் ஜெரோமின் எழுத்தில் தணியவில்லை. இது புனிதரின் வாழ்வில் மறைக்க இயலாத கறை. 410இல் உரோமாபுரி வீழ்ந்து, ஏதிலிகள் பெத்லகேமுக்கு வந்தபோது, எசேக்கியேல் விளக்கவுரையை நிறுத்திவைத்து அவர்களுக்குப் பணி செய்தார். 416இல் கலகக் கூட்டமொன்று மடங்களுக்குத் தீ வைத்தது. 420இல் அவர் உயிர் துறந்தார்.

வுல்காத்தா என்னும் அவருடைய இலத்தீன் விவிலியம் பரவ நூற்றாண்டுகள் சென்றன. 1546இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் அதை அதிகாரபூர்வமானதென அறிவித்தது. ஆயினும் எபிரேயத்திலிருந்து அவர் பெயர்த்த திருப்பாடல்கள் அதில் இடம்பெறவில்லை. கிரேக்கத்தைத் தழுவி அவரே முன்னர் திருத்திய பாடல்களை மக்கள் பாடிப் பழகியிருந்தனர். அவற்றையே திருச்சபை வைத்துக்கொண்டது.