பிறர் இசைக்கு வர்ணம் தீட்டிய பெர்டி குரோபே

உலகத்தில் பெரும்புகழ் எய்தியவர்களின் சரித்திரங்களை நாம் விருப்பத்தோடு படிக்கின்றோம். ஆயின் அவர்களுடைய புகழுக்கு அஸ்திவாரமாய் நின்று, தம் பெயர் வெளியே தோன்றாமல் உழைத்தவர்களைப் பற்றி நாம் விசாரிப்பது அரிது. கோபுரத்தை அண்ணாந்து நோக்கி வியப்பவர் பலர். அதனைச் சமைத்த சிற்பி யார் என்று வினவுவோர் சிலரே. கட்டுவித்த அரசனது பெயர் கல்லில் இருக்கும்; உளி பிடித்தவனது பெயர் பெரும்பாலும் இராது. தகப்பன் பாட்டன் வழியாக வித்தையும் கைத்தொழிலும் கற்று வந்த குடும்பங்கள் பல அடங்கிய நமது சங்கத்தார்க்கு இவ்வுண்மையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அமெரிக்காவில் பிறந்து, பிறர் மெட்டுக்கு வாத்திய அமைப்புச் செய்து கொடுத்தே வாழ்வில் உயர்ந்து, பின்னர்த் தாமும் ஓர் இசைப் படைப்பாளராக விளங்கிய பெர்டி குரோபே என்பவரின் சரித்திரத்தை இம்மாதம் நம் அன்பர்களுக்கு வரைகின்றோம்.

வாத்திய அமைப்பாவது யாது?

நமது நாட்டுக் கச்சேரியில் பாடகர் ஒரு கீர்த்தனத்தைப் பாடுங்கால், பிடில் வித்துவான் அதனைப் பின்தொடர்ந்து வாசிக்கின்றார். மிருதங்க வித்துவான் தம் மனோதர்மப்படி லயத்தை வளர்க்கின்றார். இன்ன க்ஷணத்தில் இன்னதை வாசிக்க வேண்டுமென்று யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுப்பதில்லை. மேல்நாட்டு வாத்திய கோஷ்டியின் வழக்கமோ வேறு. அங்கே இருபது பேர் முதல் நூறு பேர் வரை ஒருங்கே அமர்ந்து வாசிப்பர். ஒவ்வொருவர் முன்னும் அவரவர்க்குரிய சுரங்கள் எழுதப்பட்ட ஏடு இருக்கும். ஒரே சமயத்தில் பலர் பல சுரங்களை வாசிக்க, அவை யாவும் இசைந்து ஒன்றாய் ஒலிக்க வேண்டும்.

பெரிய சாஸ்திரீய இசைப் புலவர்கள் இவ்வேடுகளை யெல்லாம் பெரும்பாலும் தாமே எழுதுவர். நாடகப் பாட்டு, நடனப் பாட்டு, சினிமாச் சங்கீதம் இவற்றிலோ மெட்டை ஒருவர் கட்டுவார். அம்மெட்டைக் கிளாரினெட்டுக்குக் கொடுப்பதா, பிடிலுக்குக் கொடுப்பதா, அதன் அடியில் எக்குழலை நிறுத்துவது, எவ்விடத்தில் எல்லோரையும் அடக்கி ஒருவரை மட்டும் பேசவிடுவது என்பவற்றை மற்றொருவர் தீர்மானித்து எழுதுவார். அவரே வாத்திய அமைப்பாளர். சித்திரத்தின் கோடு ஒருவருடையது, வர்ணம் மற்றொருவருடையது என்று கூறின் இது எளிதில் விளங்கும்.

பிறப்பும் இளமையும்

குரோபே 1892-ம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். அவர் குடும்பம் சங்கீதக் குடும்பமே. தந்தையார் பாடகர், தாயார் செல்லோ என்னும் பெரிய நரம்பு வாத்தியத்தில் தேர்ந்தவர். தாயைப் பெற்ற பாட்டனார் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் இசை நாடக சபையில் அதே வாத்தியத்தை வாசித்தவர். தாய்மாமனார் லாஸ் ஏஞ்சலிஸ் நகர வாத்திய கோஷ்டியில் முதல் பிடில் வித்துவானாய் விளங்கியவர்.

1899-ல் தந்தையார் காலமானார். சிறுவனுக்கு அப்போது வயது 7. கணவனை இழந்த அவ்வம்மையார் மனங் கலங்கி மகனது கல்வியைக் கைவிட்டாரில்லை. கடல் கடந்து ஜெர்மனி தேசத்து லீப்ஸிக் நகருக்கு அவரை அழைத்துச் சென்று, பியானோவும் வயோலாவும் இசையமைப்பும் கற்பித்தார். பிற்காலத்தில் குரோபே அடைந்த சிறப்புக்கெல்லாம் வித்து, அத்தாயார் துன்பக் காலத்தில் ஊன்றிய இவ்வித்தே என்பது நமது துணிபு.

ஆயினும் அவருடைய பாலியம் சுகமாய்க் கழியவில்லை. 14-வது வயதில் வீட்டை விட்டு வெளியேறிய அவர், கிடைத்த வேலையை யெல்லாம் செய்து வயிறு வளர்த்தார். பால் கொண்டுபோய் ஊற்றினார், பத்திரிகை விற்றார், வண்டி ஓட்டினார், கொட்டகையில் வருவோர்க்கு இடங் காட்டினார், மாடிக்கு ஏற்றி இறக்கும் மின்சாரக் கூண்டை இயக்கினார், புத்தகம் கட்டுமிடத்தில் எடுபிடியாய் இருந்தார், இரும்புத் தொழிற்சாலையிலும் வேலை செய்தார். மதுக்கடையொன்றில் ஓரிரவுக்கு இரண்டு டாலர் கூலிக்குப் பியானோ வாசித்தார். சங்கீதக் குடும்பத்துப் பிள்ளை இத்தகைய இடத்தில் வாசிப்பதா என்று அவர் நாணவில்லை. ஊதுகுழல் வாத்தியங்களையும் இக்காலத்தில் பழகிக்கொண்டார். பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் கோஷ்டியில் வயோலா வாசிப்பவராய் அமர்ந்தார். பகலில் சாஸ்திரீய சங்கீதமும் இரவில் நடனசாலைச் சங்கீதமுமாக இரண்டு உலகங்களும் அவருக்குப் பழக்கமாயின. ஒவ்வொரு வாத்தியத்தின் பலமும் பலவீனமும் ஏட்டிலிருந்து அல்ல, கையாலும் மூச்சாலும் அவர் அறிந்தவை.

ஒயிட்மன் கோஷ்டியில்

1920-ம் ஆண்டளவில் பால் ஒயிட்மன் என்பவரின் நடன வாத்திய கோஷ்டியில் அவர் பியானோ வாசிப்பவராகவும் வாத்திய அமைப்பாளராகவும் சேர்ந்தார். அவ்வாண்டில் அக்கோஷ்டியார் வெளியிட்ட ‘விஸ்பரிங்’ என்னும் இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விலையாயிற்று. கோஷ்டித் தலைவரின் கீர்த்தி நாடெங்கும் பரவியது.

அக்காலத்து நடனக் கோஷ்டிகளில் ஒரு பாட்டைப் பலமுறை திருப்பி வாசிக்குங்கால் எல்லா வாத்தியங்களும் ஒரே விதமாய் முழங்குவது பெருவழக்கு. குரோபேயோ ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒவ்வொரு கோலம் அமைத்தார். முதலில் சாக்ஸபோன்கள் இசையும். அடுத்துப் பிடில்கள் ஏற்கும். பிறகு பித்தளைக் குழல்கள் முழங்க, அதற்கு எதிராக வேறொரு மெட்டு அடியில் ஓடும். இங்ஙனம் பன்னிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பாட்டுகளை அவர் அமைத்துக் கொடுத்தார். கைதட்டல் கோலேந்தி முன்னே நின்ற தலைவருக்குக் கிடைத்தது. ஏடு எழுதியவர் பின்னே இருந்தார்.

1924-ம் வருஷத்து நிகழ்ச்சி

ஜாஸ் என்னும் நடனசாலைச் சங்கீதத்தைக் கற்றோர் இகழ்ந்துவந்த காலம் அது. அது சபையில் ஏறத் தகுந்ததே என்று நாட்ட ஒயிட்மன் ஒரு கச்சேரி ஏற்பாடு செய்து, ஜார்ஜ் கெர்ஷ்வின் என்ற வாலிபப் பாட்டு ஆசிரியரைப் புதிதாய் ஒன்று இயற்றித் தருமாறு வேண்டினார். குறித்த நாளோ 1924 பிப்ரவரி 12. கெர்ஷ்வின் ஜனவரி முதல் வாரத்தின் முடிவிலேதான் எழுதத் தொடங்கினார். நாட்கள் சில. அவர் பியானோவுக்காக எழுத எழுத, குரோபே நாள்தோறும் அவர் இல்லத்துக்குச் சென்று பக்கம் பக்கமாய் வாங்கி வந்து, கோஷ்டியின் ஒவ்வொரு வித்துவானுக்கும் ஏற்றவாறு வாத்திய அமைப்பு எழுதினார். ஏட்டில் வாத்தியத்தின் பெயரோடு வாசிப்பவரின் பெயரையும் குறித்தார். இன்னார் மூச்சு இவ்வளவு நீளம், இன்னார் விரல் இவ்வளவு வேகம் என்று அறிந்து எழுதிய ஏடு அது. பிப்ரவரி 4-ம் தேதி வேலை முடிந்தது.

அதுவே ‘ராப்ஸடி இன் புளூ’ என்னும் உலகப் பிரசித்தமான படைப்பு. நியூயார்க்கின் ஏயோலியன் மண்டபத்தில் நீண்ட நிகழ்ச்சியால் சலிப்புற்றிருந்த சபையை, இதன் தொடக்கத்தில் கிளாரினெட் ஒன்று கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஏறும் நாதம் நிமிர்ந்து உட்காரச் செய்தது. அவ்வழுக்கலும் முதலில் எழுதியபடியன்று. ராஸ் கார்மன் என்ற வித்துவான் ஒத்திகையில் விளையாட்டாகச் செய்ததைக் கெர்ஷ்வின் விரும்பி நிலைபெறச் செய்தார். ஒரு படைப்பில் எத்தனை பேர் கை கலந்திருக்கிறது என்பதை வாசகர்கள் இதனால் உணரலாம்.

இப்படைப்பு யாருடையது என்று கேட்பின், மெட்டும் கற்பனையும் கெர்ஷ்வினுடையவை என்பதில் ஐயமில்லை. அவரது பெருமையில் ஒரு குன்றிமணி எடையும் குறைக்க நாம் விரும்பவில்லை. அவர் மறு வருஷமே தமது பியானோக் கச்சேரி இசைக்குத் தாமே வாத்திய அமைப்பு எழுதிக் காட்டியவர். ஆயினும் உலகம் கேட்டு மகிழ்ந்த அந்த ‘ராப்ஸடி’யின் நிறம் குரோபேயினுடையது. நாடகசாலைக் கோஷ்டிக்கு 1926-லும், கெர்ஷ்வின் 1937-ல் இளமையிலேயே மாண்டபின் பெரிய வாத்திய கோஷ்டிக்கு 1942-லும் அதனை வேறு வேறு விதமாய் அமைத்தளித்தவரும் அவரே. இன்று பெருங்கோஷ்டிகள் மிகுதியாய் வாசிப்பது அந்த 1942-ம் வருஷத்து அமைப்பேயாகும். 2024-ல் அதன் நூற்றாண்டு கொண்டாடப்பட்டபோது கேட்டவர்களில் எத்தனை பேர் குரோபேயின் பெயரை அறிந்திருப்பர்?

சொந்தப் படைப்பு

பிறர் மெட்டை அலங்கரித்தவர் தமக்கென்று சொல்ல ஒன்றும் இல்லாதவரோ என்னும் ஐயத்தை அவர் விரைவில் நீக்கினார். 1925-ல் மிஸ்ஸிஸிப்பி நதியைப் பற்றி ஓர் இசைத் தொகுதி செய்தார். 1916-ம் ஆண்டளவில் அரிஸோனா மாகாணத்தின் பெரும் பள்ளத்தாக்காகிய கிராண்ட் கான்யனில் தாம் கண்ட சூரியோதயம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. அக்காட்சி பல ஆண்டுகள் உள்ளே கிடந்து கனிந்து, ‘கிராண்ட் கான்யன்’ என்னும் ஐந்து பகுதி கொண்ட தொகுதியாய் வெளிப்பட்டது. 1931 நவம்பர் 22-ம் தேதி சிகாகோ நகரில் ஒயிட்மன் கோஷ்டியார் அதனை அரங்கேற்றினர்.

சூரியோதயம், வர்ணப் பாலைவனம், மலைப்பாதை, அஸ்தமனம், பெருமழை என்பன அதன் பகுதிகள். மலைப்பாதைப் பகுதியில் பிடில் கழுதையைப் போல் கனைக்கும். அதன் குளம்பொலிக்குத் தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டும்படி எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகள் தெருவில் தட்டி விளையாடும் சிரட்டை பெருஞ்சபையில் வித்துவான்களோடு ஒப்ப அமர்ந்தது! பெருமழைப் பகுதியில் காற்றின் ஓலத்துக்கென்று ஒரு தனி யந்திரமே உண்டு. தாட்சணியம் பாராதவரென்று பெயர்பெற்ற டாஸ்கனீனி என்னும் மகா வித்துவான் 1943-ல் இதனை நடத்தி வாசிக்கச் செய்து, 1945-ல் இசைத்தட்டிலும் பதிவித்தார். மலைப்பாதை மெட்டோ ஒரு சிகரெட்டுக் கம்பெனியாரின் ரேடியோ விளம்பரத்தாலும் பாமரர் செவிக்குப் பழகியது. மகா வித்துவானும் சிகரெட்டு வியாபாரியும் ஒருங்கே விரும்பிய சங்கீதம் இது போல் வேறு அதிகம் இராது.

சினிமாவில்

1930-ல் ஒயிட்மன் கோஷ்டியைக் கொண்டு யுனிவர்சல் கம்பெனியார் ‘கிங் ஆப் ஜாஸ்’ என்னும் வர்ணப் படத்தை எடுத்தனர். அதன் சங்கீத அமைப்பில் குரோபேயின் உழைப்பு உண்டு. அக்காலத்துச் சினிமா வர்ணமோ சிவப்பும் பச்சையும் சேர்ந்த இரு நிறங்களால் ஆனது. நீலம் அதில் சரியாக விழாது. நீலத்தைப் பெயரிற் கொண்ட ‘ராப்ஸடி’யை நீலமில்லாத படத்தில் காட்ட நேர்ந்தது. கண்ணுக்குக் குறைந்த நிறத்தைச் செவிக்கு அவருடைய வாத்திய அமைப்பே அளித்தது என்று நாம் சொல்லலாம்.

1944-ல் வெளிவந்த ‘மின்ஸ்டிரல் மேன்’ என்னும் படம் சிறிய கம்பெனியாரால் எடுக்கப்பட்டதாயினும், அதன் சங்கீதத்துக்காக அவரும் லியோ எர்டோடியும் ஆஸ்கார் பரிசுக்கு எடுத்துரைக்கப்பட்டனர். 1950-ல் ‘ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்’ என்னும் படத்துக்கு இசை இயற்றினார். சந்திரனுக்குப் புறப்பட்ட ஆகாயக் கப்பல் வழி தவறிச் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கும் கதை அது. கையால் தொடாமலே ஒலிக்கும் தெரமின் என்னும் மின்சார வாத்தியத்தை அதில் அவர் பயன்படுத்தினார். பின்வந்த விண்வெளிப் படங்களில் அந்த நாதம் ஒரு வழக்கமாகவே ஆயிற்று. 1958-ல் வால்ட் டிஸ்னி, வசனம் ஏதுமின்றி, குரோபேயின் தொகுதியையே ஆதாரமாக வைத்து ‘கிராண்ட் கான்யன்’ என்னும் குறும்படத்தைச் செய்தார். அது மறு வருஷம் ஆஸ்கார் பரிசு பெற்றது.

பிற்காலமும் மதிப்பீடும்

நியூயார்க்கின் ஜூலியார்டு சங்கீதக் கலாசாலையில் வாத்திய அமைப்பைக் கற்பிக்கும் ஆசிரியராகவும் அவர் இருந்தார். மதுக்கடையில் இரண்டு டாலருக்கு வாசித்தவர் அந்நாட்டின் தலைசிறந்த சங்கீதக் கல்விச் சாலையில் உபாத்தியாயரானார். ‘சிம்பனி இன் ஸ்டீல்’ என்னும் 1935-ம் வருஷத்துப் படைப்பில் ரயில் எஞ்சின் மணியையும் காற்றால் இயங்கும் துளைக்கருவியையும் வாத்தியங்களாக வைத்தார். இரும்புத் தொழிற்சாலையில் இளமையில் கேட்ட ஓசைகளை அவர் மறக்கவில்லை போலும். ஹட்ஸன் நதி, நயாகரா நீர்வீழ்ச்சி, 1964-ம் வருஷத்து நியூயார்க் உலகப் பொருட்காட்சி ஆகியவற்றுக்கும் தொகுதிகள் செய்தார். 1972 ஏப்ரல் 3-ம் தேதி கலிபோர்னியாவில் ஸான்டா மானிகா நகரில், தமது 80-ம் வயதில், காலமானார்.

அவருடைய பிற்காலப் படைப்புகள் ‘கிராண்ட் கான்யன்’ எய்திய இடத்தை எய்தவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அவர் இசை காட்சிப் படம் போன்றது, ஆழமற்றது என்று குறை கூறுவோரும் உளர். ஆழத்தை அளப்பது புலவர்கள் தொழில். காதுள்ள எவர்க்கும் ஒரு சூரியோதயத்தைக் காட்டியவரைச் சிறியவர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இச்சரித்திரத்தால் நம் அன்பர்கள் கொள்ளத்தக்கவை சில உள. கணவனை இழந்த தாயொருத்தி மகனது கல்வியைக் காத்தாள். ஆதலின் தந்தையற்ற பிள்ளைகளின் படிப்பு நம் குடும்பங்களில் நின்றுபோகாதவாறு பார்ப்பது நமது கடமை. எவ்வேலையையும் இழிவென்று எண்ணாதவனுக்கு எவ்வேலையும் கல்வியாகும். பிறர்க்காக உழைக்கும் உழைப்பு தன்னுடைய ஆற்றலைக் குறைப்பதில்லை. செவ்வையாய்ச் செய்யின் அதனை வளர்க்கும். இறுதியாக ஒன்று. ஒரு நல்ல கச்சேரியையோ, ஒரு நல்ல படத்தையோ, ஒரு கலியாணப் பந்தலையோ கண்டு மகிழுங்கால், முன்னே நிற்பவரைப் புகழ்ந்தபின், இதனை அமைத்தவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்போமாக. அவ்வொரு வார்த்தையே மறைந்து உழைப்போர்க்கு நாம் செலுத்தத்தக்க மரியாதையாகும்.