பழனி காணாத பாம்பன் சுவாமிகள்

கந்தசட்டி விரதத்தின் ஆறு நாட்களிலும் ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்களில் உள்ள முருகன் கோயில்களுக்கு மாலை வேளையில் சென்று நிற்போர் செவிகளில் கவசப் பாராயணம் விழாது போவதில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து, கை கால் கழுவி, திருநீறணிந்து வந்து நிற்கும் தாய்மார் பலர் எழுத்தறியாத காலத்திலேயே இக்கவசங்களை நெஞ்சில் எழுதிக் கொண்டவர்கள். அவற்றுள் ஒன்று சண்முக கவசம். அதனைப் பாடியருளியவர் பாம்பன் ஸ்ரீமத் குமரகுருதாச சுவாமிகள் என்பது பலரும் அறிந்ததே. அவருடைய கால் எலும்பு முறிந்ததும், மயில்கள் தோன்றியதும், எலும்பு கூடியதும் ஆகிய வரலாற்றையும் பலர் சொல்லக் கேட்டிருப்பர். ஆயினும் அவ்வரலாற்றுக்குத் திறவுகோலாய் அமைந்த வேறொரு நிகழ்ச்சி உண்டு. அதனை எடுத்துரைப்பார் சிலரே. அதனை முன்வைத்து அவர் வாழ்வை நோக்குதல் இக்கட்டுரையின் கருத்து.

சுவாமிகள் கடந்த 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இராமேசுவரத் தீவிலே சாத்தப்ப பிள்ளைக்கும் செங்கமலத்தம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் அப்பாவு. அத்தீவையும் நம் நாட்டையும் பிரிப்பது சிறு கடல். அவர் இளைஞராய் இருந்த நாட்களிலேதான் தமிழகத்து ஏழைகள் கூட்டங்கூட்டமாக அக்கடலைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து, கோப்பித் தோட்டங்களை நாடி மலையேறினர். வழியிலேயே நோயுற்று மாண்டவர் பலர். அவர்களுடைய வழித்தோன்றல்களே இன்று பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் வாழும் நம் மக்கள். ஒரே கடற்கரையிலிருந்து ஆட்கள் முன்னரும் பாட்டுப் பின்னருமாக இம்மலைகளுக்கு வந்து சேர்ந்தமை எண்ணுந்தோறும் வியப்பளிப்பதாகும்.

அப்பாவு பதின்மூன்று வயதளவிலேயே கவி புனையத் தொடங்கினார். தந்தையாரின் தென்னந்தோப்பில் இருந்தபோது கந்தர் சட்டி கவசத்தைப் போலத் தாமும் பாட வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு எழுந்தது என்பர். அருணகிரிநாதரைத் தம் ஞானாசிரியராக மனத்தில் வரித்து, அப்பெருமானின் பெயர் ஒவ்வொரு பாட்டின் இறுதியிலும் அமையப் பாடி வந்தார். இராமேசுவரத்துச் சேதுமாதவ ஐயர் என்னும் பெரியவர் இப்பிள்ளையின் பாட்டுகளைக் கேட்டு மகிழ்ந்து, ஆறெழுத்து மந்திரத்தை உபதேசித்து, வடமொழியும் பயிலுமாறு பணித்தார். அவ்வாறே பயின்றார். வடமொழி வல்ல அவரே பின்னாளில் வடசொல் ஒன்றும் கலவாமல் சேந்தன் செந்தமிழ் என்னும் ஐம்பது பாட்டுகளைச் செய்தார். மொழிப் பூசலில் வீணே பொழுது கழிப்போர் இதனைச் சிறிது சிந்தித்தல் நன்று.

துறவுள்ளம் கொண்டிருந்தவரைப் பெரியோர் இல்லறத்தில் நிறுத்தினர். 1878 ஆம் ஆண்டில் காளிமுத்தம்மையாரை மணந்தார். மக்கள் மூவர் பிறந்தனர். ஓர் இரவு பெண்குழந்தை நோவால் ஓயாது அழுதது. திருநீறு மந்திரித்து இடுமாறு மனைவியார் வேண்டினார். தாம் எவனை நம்பியிருக்கின்றாரோ அவனிடமே முறையிடும்படி கூறிவிட்டு அவர் தியானத்தில் அமர்ந்தார். சிறிது நேரத்தில் காவியுடைத் துறவி ஒருவர் வந்து குழந்தைக்கு நீறிட்டுச் சென்றார் என்றும், குழந்தை அமைதியாக உறங்கிற்று என்றும் அவர் சரிதம் கூறுகிறது. தாயுள்ளம் அவ்விரவில் பட்ட பாட்டைச் சரிதம் எழுதினோர் விரித்துரைக்கவில்லை. கணவரின் நம்பிக்கைக்கு மனைவி கொடுத்த விலை நூல்களில் ஏறுவது குறைவு.

இனி, முன்னர்க் குறித்த நிகழ்ச்சிக்கு வருவோம். துறவு பூண்டு பழனிக்குச் செல்ல வேண்டும் என்னும் ஆவல் அவருக்கு மிகுந்தது. அங்கமுத்துப் பிள்ளை என்னும் நண்பரிடம், தாம் மறுநாள் பழனிக்குப் புறப்படுவதாகத் தெரிவித்தார். இது முருகனுடைய கட்டளையோ என்று நண்பர் வினவினார். உண்மையில் கட்டளை ஏதும் இல்லை. ஆவல் ஒன்றே இருந்தது. ஆயினும், ஆம் என்று சொல்லிவிட்டார். தடை சொல்வார் வாயை அடைக்க எளிய வழி இறைவன் பெயரை இழுப்பதே அன்றோ! நம்மிடையேயும் கோயிற் காரியங்களில் தம் விருப்பத்தை ஆண்டவன் சித்தம் என்று அறிவிப்போர் எத்தனை பேர்!

அன்றே அவர் தனித்திருந்து திருவாசகம் ஓதிக் கொண்டிருந்தபோது முருகப் பெருமான் சினந்த கோலத்தில் தோன்றினான் என்பர். தன் ஆணை என்று பொய் உரைத்தமைக்காக அச்சுறுத்தினான். தானே அழைக்கும்வரை பழனிக்கு வருவதில்லை என்று உறுதி தருமாறு கேட்டான். அவரும் நடுங்கி அவ்வாறே உறுதி தந்தார். அந்நாள் தொட்டு அவர் எத்தனையோ தலங்களுக்குச் சென்றார். வடக்கே காசிக்கும் சென்று வந்தார். முருகனடியார் அனைவர்க்கும் முதன்மையான பழனிக்கு மட்டும் அவர் செல்லவில்லை. அழைப்புக்காகக் காத்திருந்தார்.

இந்நிகழ்ச்சியை ஒரு தண்டனைக் கதையாக மட்டும் கொள்வது போதாது. எப்பொருளைப் பெருவிருப்போடு வேண்டினாரோ அப்பொருள் அவருக்கு மறுக்கப்பட்டது. மறுத்தவனையே அவர் நாள்தோறும் பாடினார். அவர் பாடியருளிய 6666 பாட்டுகளில் பெரும்பகுதி இந்த மறுப்பின் நிழலில் எழுந்தவை என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1891 ஆம் ஆண்டில் சண்முக கவசம் தோன்றியது. தம் பொருட்டாக அன்றி, நோயாலும் பகையாலும் அச்சத்தாலும் வருந்தும் மாந்தர் ஓதுதற்காக அதனைச் செய்தார். உயிரெழுத்துப் பன்னிரண்டும் மெய்யெழுத்துப் பதினெட்டும் வரிசையாக முதலில் நிற்க, முப்பது பாட்டுகளாக அமைந்தது அந்நூல். நெடுங்கணக்கு அறிந்த சிறுவனும் அடுத்த பாட்டு எவ்வெழுத்தில் தொடங்கும் என்பதை மறவான். மொழிக்கு முதலாகாத எழுத்துகள் தமிழில் உண்டு என்பதை மாணவர் அறிவர். அவ்வெழுத்துகளையும் அவர் விட்டுவிடவில்லை. லகரத்துக்கு அவ்வெழுத்தின் பெயரையே பாட்டின் தொடக்கமாக வைத்தார். இலக்கணம் கற்றோர் இதனைக் குறை என்பாராயினும், நோயாளியின் படுக்கையருகே நின்று ஓதுபவனுக்கு வரிசை கெடாமல் இருத்தலே பெரிய உதவி.

1894 ஆம் ஆண்டில் இராமநாதபுரத்தை அடுத்த பிரப்பன்வலசை என்னும் ஊரின் மயானத்தில் குழி அகழ்வித்து, அதனுள் முப்பத்தைந்து நாட்கள் தவமிருந்தார். மறு ஆண்டில் இல்லம் துறந்து சென்னை சேர்ந்தார். மனைவி மக்களை விட்டு நீங்கியது முறையா என்று கேட்பவர்க்கு எளிதில் விடை கூற இயலாது. சித்தார்த்தர் காலம் தொட்டுத் துறந்தோர் அனைவரையும் நோக்கி எழும் வினா அது. சென்னையில் அறிமுகமற்றவராய் நின்றவரைப் பங்காரு அம்மையார் என்னும் மூதாட்டியார் கனவில் பெற்ற கட்டளையால் அழைத்துச் சென்று உணவளித்தார் என்பது வரலாறு. உப்பும் புளியும் காரமும் நீக்கிய உணவையே சுவாமிகள் கொண்டனர். நூல்கள் பல அச்சேறின, அன்பர் பெருகினர்.

1923 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27 ஆம் நாள் சென்னைத் தம்புச் செட்டித் தெருவில் நடந்து சென்ற சுவாமிகள்மீது குதிரை வண்டி ஒன்று மோதியது. சக்கரம் இடக் காலின்மேல் ஏறியது. கணைக்காலின் எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. அன்பர்கள் பொது வைத்தியசாலையில் சேர்த்தனர். முதுமையாலும் உப்பற்ற உணவாலும் எலும்பு கூடுதல் அரிது என்று வைத்தியர் கைவிரித்தனர். ஊர் ஊராக நடந்து தலங்களை வழிபட்ட கால் அது. பிறர் உறுப்புகளையெல்லாம் காக்க வேண்டுமென்று கவசம் பாடியவர், உறுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்தார். ஐயமுடையோர் நகைக்கவும் அன்பர் கலங்கவும் இதனினும் வேறு காரணம் வேண்டுமோ!

அந்நிலையில் சின்னசாமி சோதிடர் என்னும் அன்பர் சண்முக கவசத்தை இடைவிடாது பாராயணம் செய்தார். ஓதும்போது முறிந்த இடத்தை வேல் தாங்கி நிற்பதாக அவர் கண்டார் என்பர். முப்பதாண்டுகளுக்கு முன் பிறர்க்கெனப் பாடிய பாட்டு, பிறர் வாயிலாகப் பாடியவரிடமே திரும்பி வந்தது. சுவாமிகள் வாழ்வில் அடியேனை மிகவும் உருக்குவது மயிலினும் இதுவே. வாழ்வு சரிந்து வீழும்போது வீழ்ந்தவனுக்கு வாய் எழாது. அவன் பொருட்டு இன்னொருவன் வேண்டி நிற்பதும் அவனுடைய வழிபாடாகவே ஆகிவிடுகிறது.

பதினோராம் நாள், 1924 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள் மாலையில், மயில்கள் இரண்டு வானில் நடனமிட்டு வருவதைச் சுவாமிகள் கண்டார். பின்னர்ச் செந்நிறக் குழந்தை ஒன்று தம் அருகே படுத்திருக்கவும் கண்டார். எலும்பு கூடியது, வைத்தியர் வியந்தனர், அவர் எழுந்து நடந்தார். அந்நாளின் நினைவாக மார்கழி வளர்பிறைப் பிரதமையில் மயூர வாகன சேவன விழாக் கொண்டாடப் பெறுகிறது.

இவ்வற்புதத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் நம் மாகாணத்தில் ஒரு வினா எழும். 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உறங்கிய பிள்ளைகளோடும் சமைத்த அடுப்புகளோடும் குடும்பங்கள் மண்ணுள் மறைந்தன. அவர்களும் விளக்கேற்றித் தொழுதவர்களே, கவசம் ஓதியவர்களே. தப்பியவர்களிடம் சென்று, நன்கு வேண்டியவனுக்கு எலும்பு கூடிற்று என்று சொல்வது அறிவுமன்று, அருளுமன்று. நம்பிக்கை போதாமையால் மலை சரிந்தது என்று பொருள்படப் பேசுவதைப் போன்ற கொடுமை பிறிதில்லை.

அவர்களிடம் சொல்லத் தக்கது பழனியின் வரலாறு. எலும்பு கூடப் பெற்ற அதே அடியார், தம் வாழ்வின் பேராவல் நிறைவேறப் பெறாதவர். மருத்துவமனைக் கட்டிலில் அவர் ஏன் முருகனை நொந்துகொள்ளவில்லை என்பதற்கு விடையும் அங்கேதான் இருக்கிறது. இறைவன் தாம் எண்ணியதை எண்ணியவாறே தருவான் என்னும் கணக்கை அவர் பழனியின் பெயரால் முன்னரே இழந்திருந்தார். கால் கூடாமலே போயிருந்தாலும் அவர் பாடியிருப்பார் என்று நாம் துணிந்து கூறலாம். கூடாத ஒன்றோடு அவர் பல்லாண்டு பாடியே வாழ்ந்தாரல்லவா?

கால் குணமான பின்னரும் அவர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். திருவான்மியூரில் தமக்குச் சமாதிக்குரிய இடத்தையும் ஏற்பாடு செய்வித்தார். 1929 ஆம் ஆண்டு மே திங்கள் 30 ஆம் நாள் காலையில் உடல் நீத்தார். அவர் விரும்பியவாறே அங்கே அடக்கம் செய்தனர். இன்றும் அங்கே கவசம் ஓதப்படுகிறது. கடல் கடந்து இம்மலைகளிலும் ஓதப்படுகிறது. பழனியிலிருந்து அழைப்பு அவருக்கு இறுதிவரை வரவில்லை, அவரும் செல்லவில்லை.