சிரிப்பு வாயுவில் வெள்ளை அணுக்கள் குறைவது ஏன்? விடை சுப்பாராவின் ஆய்வில்!

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்கு கதர் உடுத்திப் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கடைசியில் கையில் கிடைத்தது எம்பிபிஎஸ் இல்லை, அதைவிடக் குறைந்த எல்எம்எஸ்தான்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு சகோதரரைப் பறிகொடுத்தவர். அமெரிக்கா போய் ஹார்வர்டிலும், பிறகு லெடர்லே கம்பெனியிலும் வேலை பார்த்தார். 1945-ல் அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது. அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தற்காலிகமாகப் பலன் தந்தது. அந்த முடிவு வெளியான 1948-லேயே சுப்பாராவ் இறந்துபோனார்.

எட்டு வருஷம் கழித்து டென்மார்க்கில் ஒரு சிக்கல். டெட்டனஸ் நோயாளிகளுக்கு நாள்கணக்கில் நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு கொடுத்தபோது வெள்ளை அணுக்கள் சரிந்தன. காரணம் பிற்பாடுதான் புரிந்தது. இந்த வாயு வைட்டமின் பி12-ஐ முடக்கிவிடும். பி12 இல்லையென்றால் ஃபோலிக் அமிலம் உடலில் இருந்தும் பயனில்லை. எலும்பு மஜ்ஜையில் புது அணுக்கள் உருவாகாது. கிட்டத்தட்ட அமினோப்டெரின் செய்த அதே வேலை, வேறு வழியில்!

சின்ன ஆபரேஷனுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தால் பொதுவாகப் பயமில்லை. பி12 குறைபாடு இருப்பவர்கள் மட்டும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.