வள்ளல் அழகப்பரும் நம்ம ஊர்க் காற்றும்



குத்தாலத்தில் சீசன் வந்தாலே தென்காசி வட்டாரக் காத்தாடிகள் ராப்பகலாய்ச் சுத்தும். நடுராத்திரிக் காற்றின் கரண்டை மறுநாள் சாயங்காலத்துக்குப் பிடித்துவைக்க பேட்டரி வேணும். பேட்டரியைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில்தான் இந்த மாமனிதரை அறிந்தேன்.

1909 ஏப்ரல் 6-ல் கோட்டையூரில் பிறந்தார் அழகப்பச் செட்டியார். எம்.ஏ. முடித்து, லண்டனில் பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் கற்றார். பஞ்சாலை, விமானக் கம்பெனி என்று சம்பாதித்ததையெல்லாம் காரைக்குடியில் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் என்று கொட்டினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 1956-ல் பத்மபூஷண். மறு ஆண்டே ஏப்ரல் 5-ல், 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில் மறைந்தார்.

லெட்-ஆசிட் முதல் லித்தியம், சோடியம் வரை அந்த ஆய்வகத்தில் இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது. லித்தியம் பேட்டரி விலை 2010-ல் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் செல்களில் பெரும்பகுதி இன்னும் சீனாவிலிருந்துதான் வருது. லித்தியமும் கோபால்ட்டும் நம்ம மண்ணில் கிடைப்பது அரிது. வெயில் சூட்டில் பேட்டரியின் ஆயுசும் குறையும். உப்பிலிருந்தே எடுக்கலாம் என்பதால்தான் சோடியம் மேல் இத்தனை நம்பிக்கை.

ஆய்வகத்துக்கு இடம் கொடுத்து அவர் போய்ச் சேர்ந்துட்டார். அங்கே கண்டுபிடிப்பதை ஃபாக்டரியில் செய்துகாட்ட வேண்டியது டிப்ளமோக்காரங்க நாமதானே, தோழர்களே!