நாவின் நடுக்கம் கண்ட அல்டோ கஸ்தெல்லானி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ காய்ச்சலென்று வைத்தியரிடம் சென்றால், அவர் முதலில் நாக்கை நீட்டும்படி சொல்வார். சிறு வயதில் இதனை ஒரு வேடிக்கையாகவே நாம் எண்ணியதுண்டு. அதன் பொருளைப் பின்னரே அறிந்தோம். நோயாளி எடுத்துரைக்கும் வேதனை வேறு. வைத்தியர் தம் கண்ணாலும் கையாலும் செவியாலும் தாமே கண்டுகொள்ளும் அடையாளம் வேறு. பின்னதையே நோய்க்குறி என்பர். அவற்றுட் பல, முதலிற் கண்டவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அத்தகைய குறியொன்றுக்குப் பெயர் தந்தவரும், நமது கொழும்பு மாநகரிலே 12 ஆண்டுகள் உழைத்தவருமான அல்டோ கஸ்தெல்லானியின் சரிதத்தை ஈண்டு சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1874ஆம் ஆண்டு பிறந்த இவர், அங்கேயே 1899இல் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்பு ஜெர்மனியிற் கிருமி ஆராய்ச்சி பயின்று, இலண்டன் வெப்பவலய வைத்தியக் கல்லூரியிற் பற்றிக் மான்சனிடம் சேர்ந்தார். அக்காலத்தில் உகண்டாவிலே உறக்கநோய் ஊர் ஊராக மக்களை மாய்த்துக் கொண்டிருந்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனரெனக் கணக்கிடுவர். அதன் காரணத்தை அறிய 1902இல் அனுப்பப்பட்ட மூவருள் கஸ்தெல்லானியும் ஒருவர். ஜோர்ஜ் லோ, கிறிஸ்தி என்போர் மற்றையோர்.

இந்நோய்க்கு முன்னரே ஒரு குறி இருந்தது. பிடரியிலே கழலைகள் வீங்குவதை வின்டர்பொட்டம் என்னும் ஆங்கில வைத்தியர் சியரா லியோனிற் கண்டு 1803இல் எழுதினார். அக்குறியை அடிமை வியாபாரிகளும் அறிந்திருந்தனர். மனிதரின் கழுத்தைத் தடவிப் பார்த்து, வீக்கமுள்ளவரை வாங்காது விட்டனர். குணப்படுத்த உதவவேண்டிய அறிவு சந்தையிலே சரக்குத் தெரிவதற்கு உதவியது!

நோய் மூளையைத் தாக்கியபின் நீட்டிய நாக்கு மெல்ல நடுங்கும். இது கஸ்தெல்லானி–லோ குறி என இருவர் பெயராலும் வழங்குகின்றது. குறி கண்டால் மட்டும் போதுமா? மூலம் காணவேண்டாமா? கஸ்தெல்லானி முதலில் வேறொரு கிருமியையே காரணமெனக் கருதினார். ஆயினும் 1902 நவம்பரில், நோயாளியின் முள்ளந்தண்டு நீரிலே திரிபனோசோமா என்னும் நுண்ணுயிரைக் கண்டார். 1903இல் அங்கு வந்த டேவிட் புரூசிடம் இதனைத் தெரிவித்தார். புரூசும் அவர் துணைவரும் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, செத்சே என்னும் ஈயே நோயைப் பரப்புகின்றதென நிறுவினர். கண்டுபிடித்தவர் யார் என்ற வழக்கோ பல ஆண்டுகள் நீடித்தது.

1903இலேயே கஸ்தெல்லானி அரசாங்கக் கிருமி ஆராய்ச்சியாளராகக் கொழும்பு வந்துசேர்ந்தார். பறங்கி என்று நம் நாட்டார் அழைத்த புண்நோய் அந்நாளிற் கிராமத்துச் சிறுவரைப் பெரிதும் வருத்தியது. அப்புண்ணிலே சுருள் வடிவான கிருமியை 1905இல் அவர் கண்டார். அதே ஆண்டில் பெர்லினிலே மேகநோய்க் கிருமியும் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் ஓரினத்தவையாதலின் ஒன்றுக்கான மருந்து மற்றதற்கும் பயன்பட்டது. பிற்காலத்திலே பெனிசிலின் ஊசி ஒன்றே பறங்கியைத் தீர்க்கப் போதியதாயிற்று. தேயிலை ருசி பார்ப்போரை வருத்திய இருமலையும் அவர் ஆராய்ந்தார். சால்மர்ஸ் என்பாருடன் சேர்ந்து 1910இல் வெளியிட்ட வெப்பவலய வைத்திய நூல் உலகெங்கும் பரவியது.

1915இல் இலங்கையை விட்டு நேப்பிள்ஸ் சென்றவர், பின்னர் பெரும் பட்டங்கள் பெற்றார். 1935இல் முசோலினி எதியோப்பியாமீது போர் தொடுத்தபோது, இத்தாலியப் படையின் சுகாதார சேவைக்குத் தலைமை தாங்கினார். தம் படைவீரரை நோயினின்று காத்து வெற்றி பெற்றார். அதே படையினர் எதியோப்பிய மக்கள்மீது நச்சுவாயுவைப் பொழிந்தனர். ஆபிரிக்கரின் நோய்க்கு மூலம் தேடச் சென்றவர், ஆபிரிக்கரை அழித்த படைக்குத் துணையாய் நின்றார். இரண்டாம் உலகப்போரின் பின் தம் அரசகுடும்பத்துடன் தாயகம் நீங்கி, 1971இல் லிஸ்பனிலே காலமானார்.

நோயை அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்து செய்க என்பது வள்ளுவர் வகுத்த முறை. முதலிரண்டிலும் கஸ்தெல்லானி வல்லவர், அதில் ஐயமில்லை. ஆனால் யாருக்காகத் தணிப்பது என்ற வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. அடிமைச் சந்தையிலே கழுத்தைத் தடவிய கைக்கும், நோயாளியின் கழுத்தைத் தடவும் வைத்தியரின் கைக்கும் வேற்றுமை கண்டறியும் திறமையில் இல்லை, கருணையிலேயே இருக்கின்றது.

நோய்க்குறியிலே வைத்தியரின் பெயர் நிலைத்துவிட்டது. நாக்கை நீட்டிக் காட்டிய உகண்டா நோயாளியின் பெயரோ, புண்ணைக் காட்டிய நம் நாட்டுச் சிறுவனின் பெயரோ எந்நூலிலும் இல்லை. வைத்தியம் கற்கச் செல்லும் நம் சங்கத்து இளைஞர்கள் குறிகளின் பெயரை மனனஞ் செய்யும்போது, பெயரில்லாத அவர்களையும் ஒருகணம் நினைப்பார்களாக.