மேவாரின் கணக்கேட்டைக் காத்த சிராவகர் பாமாஷா

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக வைத்து எண்ணப்படுவது மிகுபொருள் விரும்பாமை. தன் உடைமைக்கு ஓர் எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்டதைப் பிறர்க்கு உரியதெனக் கருதுவதே இவ்விரதம். இதற்குச் சான்றாக ராஜஸ்தானத்து ஜைனப் பெருமக்கள் இன்றளவும் போற்றும் பெயர் பாமாஷா. பெருங்கொடையாளர் எவரையும் அப்பெயராலேயே அழைப்பது அந்நாட்டு வழக்கு. ஆயினும், அவர் வாழ்வின் பெருமை கொடை ஒன்றோடு முடிவதன்று. பேரழிவுக்கு உள்ளான ஒரு நாடு எந்நிலையில் சமாதானம் பேசுதல் தகும் என்னும் அரிய வினாவும் அவ்வாழ்வோடு பிணைந்து கிடக்கிறது.

பாமாஷா 1547-ஆம் ஆண்டில் ஓஸ்வால் ஜைன மரபில், காவடியா குடியில் தோன்றினார். தந்தையார் பார்மல், ராணா சங்காவின் காலத்தில் ரந்தம்போர்க் கோட்டையின் காவற்பொறுப்பை ஏற்றவர். தம்பி தாராசந்த். வணிகக் குலத்தில் பிறந்தோரும் அரசியற் பொறுப்பும் போர்ப் பொறுப்பும் தாங்கியது அக்கால மேவார் நாட்டு முறை.

அவர் இளைஞராய் இருந்தபோதே நாட்டின் மீது பேரிடி விழுந்தது. 1567-ஆம் ஆண்டு அக்டோபரில் அக்பரின் படை சித்தோர்க் கோட்டையை முற்றுகையிட்டது. 1568 பிப்ரவரியில் கோட்டை வீழ்ந்தது. பெண்டிர் தீப்புகுந்தனர். வெற்றிக்குப் பின் ஏறத்தாழ 30,000 பேர் கொல்லப்பட்டதாக அக்பரின் அவைக்கள வரலாறே குறிக்கிறது. மறு ஆண்டில் ரந்தம்போரும் கைவிட்டுப் போயிற்று.

1572-இல் ராணா உதயசிங் மறைய, பிரதாப் சிங் அரியணை ஏறினார். அவ்வாண்டும் அடுத்த ஆண்டுமாக அக்பரிடமிருந்து நான்கு தூதுகள் வந்தன. ஜலால் கான், மான்சிங், பகவந்ததாஸ், தோடர்மால் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக வந்து பேசினர். பிரதாப் தூதர்களை மதிப்புடன் வரவேற்றார். பேச்சை முறிக்கவும் விரையவில்லை. ஆனால் ராணா தாமே பேரரசரின் அவைக்கு வந்து பணிய வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. இசைவு அங்கே தடைப்பட்டது.

1576 ஜூன் திங்களில் ஹல்திகாட் கணவாயருகே போர் மூண்டது. பாமாஷாவும் தாராசந்தும் அக்களத்தில் நின்றனர். மேவார்ப் படை சிதைந்தது. பிரதாப் உயிர் தப்பி மலைக்காடுகளுள் புகுந்தார். தலைநகராய் இருந்த கோகுந்தா பகைவர் வசமாயிற்று. 1578-இல் கும்பல்கர்க் கோட்டையும் வீழ்ந்தது. நிலவரி இல்லை, படைக்கு ஊதியம் இல்லை. அந்நிலையில் சமாதானம் பேசுவதாயின் வென்றவர் விதிப்பதை அப்படியே ஏற்பதன்றி வேறு வழியில்லை.

அவ்வேளையில்தான் பாமாஷா சூலியா என்னும் ஊரில் பிரதாப்பைக் கண்டு 25 லட்சம் ரூபாயும் 20,000 பொற்காசுகளும் அவர்முன் வைத்தார். அப்பொருள் 25,000 வீரரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தாங்கப் போதுமானது என்பது வழிவழிச் செய்தி. அது பாமாஷாவின் சொந்தச் செல்வம் என்பர் பலர். அவர் மறைத்துக் காத்த அரசின் கருவூலமே என்பர் வரலாற்றறிஞர் சிலர். எவ்வாறாயினும் அவர் சிறப்புக் குறைவதில்லை. நாடிழந்த அரசனின் கருவூலத்தைக் கையாள்பவனைக் கணக்குக் கேட்பார் யாருமில்லை. கேட்பாரற்ற நிலையிலும் ஒரு காசும் குறையாமல் ஒப்படைப்பது கொடையினும் கடிய நோன்பன்றோ!

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டவர் போருக்குப் பொருள் தரலாமோ என்னும் ஐயம் எழக்கூடும். வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சை சிராவகர்க்கு முற்றும் விலக்கப்பட்டது. தாக்க வருவோரிடமிருந்து தம்மையும் பிறரையும் காக்குங்கால் நேரும் விரோதி இம்சையை இல்லறத்தார் முழுதும் தவிர்க்க இயலாதென அறநூலோர் கருதினர். அதுவும் வினைப்பயன் உடையதே. அச்சுமையை அறிந்தே பாமாஷா ஏற்றார்.

முதலமைச்சர் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1582-இல் திவேர்ப் போரில் மேவார் வென்றது. பின்னர்ச் சித்தோரும் மண்டல்கரும் நீங்கலாக நாட்டின் பெரும்பகுதி மீண்டது. இடையே அப்துல் ரஹீம் கான், பாமாஷாவின் வாயிலாகப் பிரதாப்பை இணங்கச் செய்ய முயன்றார் என்றும், பாமாஷா அதற்கு உடன்படவில்லை என்றும் மேவார் வரலாற்று மரபு கூறும். தமக்குக் கிடைக்கவிருந்த ஆதாயத்தின் பொருட்டு அரசனை விலைபேச அவர் விரும்பவில்லை.

1597-இல் பிரதாப் மறைந்தார். மகன் அமர்சிங் அரசரானார். மூன்று ஆண்டுகளில் பாமாஷாவுக்கும் இறுதி நெருங்கியது. தம் கைப்பட எழுதிய ஏடொன்றை மனைவியிடம் தந்து, அதை அரசரிடம் சேர்க்குமாறு பணித்தார். மேவாரின் கருவூலம் எங்கெங்கே புதைத்துக் காக்கப்பட்டிருந்தது என்பதன் முழு விவரமும் அவ்வேட்டில் இருந்தது.

போர் மேலும் பதினைந்து ஆண்டுகள் நீண்டது. வயல்கள் எரிந்தன, குடும்பங்கள் சிறைப்பட்டன. இருதரப்பும் களைத்த பின், 1615-இல் அமர்சிங் கோகுந்தாவில் இளவரசர் குர்ரமைச் சந்தித்து உடன்படிக்கை செய்தார். ராணா பேரரசரின் அவைக்கு நேரில் வரவேண்டியதில்லை; மகன் கரண்சிங் வந்தால் போதும். சித்தோர் மேவாருக்கே மீளும்; ஆனால் அதன் அரணைப் புதுப்பித்தல் கூடாது. பேரரசுக்கு 1,000 குதிரைவீரரை மேவார் அனுப்ப வேண்டும். நான்கு தூதுகளிலும் பேச்சைத் தடுத்த அந்த ஒரு நிபந்தனை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கைவிடப்பட்டது. மேவாரும் தலைமையை ஒப்பி, கோட்டையைப் பழுதுபார்க்கும் உரிமையை இழந்தது. இருவரும் ஒவ்வொன்றை விட்டுக்கொடுத்தமையால் அமைதி வாய்த்தது. அதற்கு மக்கள் தந்த விலை பெரிது. அமர்சிங்கும் அவ்வமைதியை மகிழ்ச்சியோடு ஏற்றாரல்லர்.

கரண்சிங் அஜ்மீரில் ஜஹாங்கீரைக் காணச் சென்றபோது அவருடன் சென்றவர் மேவாரின் அமைச்சர் ஜீவாஷா. அவர் பாமாஷாவின் மைந்தர். ஹல்திகாட் தோல்விக்குப் பின் தந்தை பொருளால் தாங்கிய நாட்டுக்காக, அமைதி கூடியபோது மகன் உடன் நின்றார்.

உதயப்பூரில் மேவார் மன்னர்களின் நினைவு மண்டபங்களுக்கு இடையே பாமாஷாவுக்கும் ஒரு மண்டபம் உண்டு. 2000-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. தம் பொறுப்பில் இருந்த பிறர்பொருளை எழுத்தில் வைத்து, உரியவரிடம் சேர்த்துவிட்டு உலகு நீத்த அந்தச் சிராவகரின் வாழ்வு, இத்திருநாளில் நம் இல்லந்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது.